தறப்பாளுக்குக் கீழே

போன ஓகஸ்டில் ரொறன்ரோவில இருந்து மாமாவின் மகன் வந்திருந்தான். பெட்டியைத் திறக்க, சொக்லேற்றுக்கு முதல் வெளியே வந்தது ஒரு பச்சைப் பொட்டலம். "மச்சான், இது ரென்ற். ரெண்டு பேர் படுக்கலாம். ஒண்டரைக் கிலோவும் வராது" என்றான். அங்கே லீவு கிடைத்தால் இதைக் காவிக்கொண்டு காடு மலை என்று போய்ப் படுக்கிறவனாம். மயிலிட்டியில் காடும் இல்லை, மலையும் இல்லை. அதனால் அன்றிரவு எங்கட வளவுக்குள்ளேயே, கிணற்றடிக்குப் பக்கத்தில் அடித்தோம்.

அதை நித்திரை என்று சொல்ல ஏலாது. காற்றடைத்த மெத்தை ரெண்டும் நைலோன் தரையில் வழுக்கிக்கொண்டே இருந்தன. நிலத்தின் சரிவு கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் நடுச்சாமத்தில் முழித்துப் பார்த்தால் ரெண்டு பேரும் கால்மாட்டில், வாசலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறோம். மேலே ஏறிப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கீழே. விடியப் பார்த்தபோது தரையில் ரெண்டு ஓட்டை. ஒன்று முருகைக்கல் துண்டு செய்த வேலை, மற்றது நெருஞ்சி முள்.

முற்றம் கூட்ட வந்த அம்மம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, ரென்றின் தரையை ரெண்டு விரலால் பிடித்துப் பார்த்தா. "இதென்ன மோனை, வெங்காயத் தோல் மாதிரி? இதையோ கல்லுக்கு மேல விரிச்சனீங்கள்?"

அதுக்குப் பிறகு அவ சொன்னதெல்லாம் எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டிய விசயங்கள். நான் பிறந்ததும் பதின்மூன்று வயதுவரை வளர்ந்ததும் மல்லாகத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற எனக்கு, நான் தவழ்ந்த தரைக்கும் ஒரு வரலாறு இருக்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் மச்சானின் ரென்றுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுகிறேன். இந்த மெல்லிய கூடாரங்களின் துணியை டெனியர் என்ற கணக்கில் சொல்வார்கள். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அத்தனை டெனியர். 20 டெனியர் நூலை எங்கட வீட்டிலிருந்து தெல்லிப்பழை தாண்டும்வரை இழுத்துக்கொண்டு போனாலும் நிறை 20 கிராம்தான். அப்படிப்பட்ட நூலில் நெய்த துணிக்கு மேல் தண்ணி புகாமல் சிலிக்கன் பூசுகிறார்கள். தண்ணியைத் தடுக்கிற அந்தப் பூச்சுத்தான் சவர்க்காரம் மாதிரி வழுக்கவும் செய்கிறது. சிலிக்கன் பூசின துணியில் சிலிக்கனைத் தவிர வேறொன்றும் ஒழுங்காக ஒட்டாது. ஆகவே மருந்தும் அதுதான். கடையில் வாங்குகிற சிலிக்கன் பசையை வைற் ஸ்பிரிற்றில் கரைத்து, மெத்தை படுகிற இடமெல்லாம் தூரிகையால் பொட்டுப் பொட்டாகவோ கோடு கோடாகவோ வைத்து, ஒரு நாள் காயவிட வேண்டும். காய்ந்த பொட்டுகள் ரப்பர் மாதிரி மெத்தையைப் பிடித்துக்கொள்ளும். பொலியூரத்தேன் பூசின தரை என்றால் இந்த வைத்தியம் பலிக்காது, பசை உரிந்து வந்துவிடும். ஓட்டை விழாமல் இருக்க அடியில் இன்னொரு விரிப்புப் போட வேண்டும். அந்த விரிப்பு ரென்றின் தரையைவிட நாலு பக்கமும் ரெண்டு மூன்று அங்குலம் சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் சுவரில் வழிகிற மழைத்தண்ணி அதில் விழுந்து, ரெண்டுக்கும் இடையில் ஓடிப் போய்த் தேங்கும். பிறகு நீங்கள் குளத்துக்கு மேல் படுக்கிறீர்கள்.

இதெல்லாம் மச்சானுக்குத் தெரியும். பஞ்சியில் செய்யவில்லை. அம்மம்மாவுக்கு டெனியரும் தெரியாது, சிலிக்கனும் தெரியாது. ஆனால் அவ சொன்ன ஒழுங்கு இதேதான். கல்லுப் பொறுக்கு. ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டு. பிறகு கண்ணை நம்பாதே, உள்ளங்கையால் நிலத்தைத் தடவிப் பார். உரப்பையைப் பிரித்துத் தைத்து அடியில் விரி, ஓரத்தை உள்ளுக்கு மடித்து விடு. மேலே சணல் சாக்குப் போடு, அதுக்கு மேல பாய். "சாக்கு இல்லாமப் போட்டா பிளாஸ்ரிக் பாய் நிக்காது. பிள்ளையள் விடிய வேலிக்குள்ள கிடக்குங்கள்."

இதை அவ எங்கே படித்தா என்பதுதான் கதை.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது மயிலிட்டி முழுக்க வெளிக்கிட்டது. பலாலி விமானத்தளத்துக்கும் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் இடையில் இருக்கிற கரையோர ஊர் இது. தப்ப வழியில்லை. ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்து வெளிக்கிட்டவர்கள். வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமாகி, மயிலிட்டித் துறைமுகத்தை அண்டின 54 ஏக்கர் விடப்பட்டது 2017 ஜூலை 3 அன்று. 27 வருசம். இடையில் மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை என்று யாழ்ப்பாணத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட முகாம்கள். அரச பாசையில் நலன்புரி நிலையங்கள். அந்தப் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இந்த 27 வருசத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில், எடுக்கப்பட்ட படங்களில், நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கூரை. கிழிந்த தறப்பாள், ஒழுகுகிற கிடுகு, அதுக்குக் கீழே சட்டி வைத்து நிற்கிற ஒரு அம்மா. கூரை படத்துக்கு வசதியானது, தூரத்தில் நின்றே எடுக்கலாம். தரையை எடுக்க வேண்டுமென்றால் குனிந்து உள்ளே வர வேண்டும். நிவாரணமும் அப்படித்தான். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1987 இலிருந்து இலங்கையில் வேலை செய்கிறது. அதன் தறப்பாளுக்கு உலகம் முழுக்க ஒரே அளவு, 4 மீற்றருக்கு 5 மீற்றர். 20 சதுர மீற்றர் என்று கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் 5 மீற்றர்ப் பக்கத்தை நடுவில் மடித்து 45 பாகைச் சரிவில் கூரையாகப் போட்டுப் பாருங்கள். கீழே கிடைக்கிற நிலம் ஏறக்குறைய 14 சதுர மீற்றர்தான். மனிதாபிமான உதவிக்கான ஸ்ஃபியர் நியமம் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள தரை வேண்டும் என்கிறது. கணக்கின்படி நாலு பேருக்குச் சரி. எங்கட கொட்டிலில் ஏழு பேர். அந்தத் தரை எதில் செய்வது என்பதை அந்தந்த வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அதுவும் அவர்கள் பழகின நிலம் இல்லை. மயிலிட்டி மணல் ஊர். மணல் உடம்புக்கு ஏற்றமாதிரித் தானே குழியும், மழைத்தண்ணியை அப்படியே குடிக்கும். வாடியில் படுக்கிற ஆம்பிளையள் மணலைக் கையால் தலைமாட்டுக்குக் குவித்துவிட்டு, மேலே பாயைப் போட்டுச் சரிகிறவர்கள். மல்லாகமும் சுன்னாகமும் செம்மண். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அருமையான மண், படுக்கிறதுக்கு இல்லை. காய்ந்தால் தூள், உடுப்பெல்லாம் காவி நிறம். நனைந்தால் காலை விடாது. வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கிற இடத்தில், கடற்கரைச் சனம் முதல் மாரியிலேயே செம்மண்ணைப் படித்துவிட்டது. கொட்டிலைச் சுற்றி ஒரு முழம் தள்ளி வாய்க்கால். உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு மண் போட்டு, தண்ணி தெளித்து, உலக்கையாலும் காலாலும் இடித்து இறுக்கம். பிறகு சாணி மெழுகல்.

சாணி மெழுகல் ஏதோ பழைய வழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரு தொழில்நுட்பம். சாணியில் இருக்கிற செமிக்காத நார், மண்ணை வெடிக்காமல் பிடித்துக்கொள்கிறது. தூள் கிளம்பாது. காய்ந்த மெழுகுத் தரை கொஞ்சம் சொரசொரப்பு, பனையோலைப் பாயும் சொரசொரப்பு, ஆகவே ஒன்றையொன்று பிடிக்கும். பாய் வழுக்குகிற பிரச்சினை அந்தத் தரையில் இருக்கவே இல்லை. அது வந்தது தறப்பாளை நிலத்துக்கும் விரிக்கத் தொடங்கின பிறகுதான். ஈரம் மேலே வராமல் பொலித்தீன் விரிப்பு, நிவாரணத்தில் கிடைத்த பிளாஸ்ரிக் பாய், ரெண்டுக்கும் இடையில் விடியப்புறப் பனி. ரென்றுக்குள் நாங்கள் பட்ட பாட்டை முகாம் 1990களிலேயே பட்டிருக்கிறது. மருந்து சணல் சாக்கு. அதுவும் இல்லாதவர்கள் பாயின் தலைப்பக்கத்தை ட்ரங்குப் பெட்டிக்குக் கீழே செருகிவிட்டுப் படுத்தார்கள். அம்மப்பா ஒரு படி மேலே போய், பழைய வலைத் துண்டைப் பொலித்தீனுக்கும் பாய்க்கும் நடுவில் விரித்தாராம். முடிச்சு முடிச்சாக இருக்கும் அல்லவா, அது பிடித்துக்கொள்ளும். மச்சானின் சிலிக்கன் பொட்டுக்கு மூத்த அண்ணன் அந்த முடிச்சு. முதுகில் குத்துகிறது என்று அம்மம்மா ரெண்டாம் நாளே சுருட்டி எறிந்துவிட்டா.

ஏன் சீமெந்து போடவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1990 இலிருந்து 1995 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, யூரியா, இவற்றோடு சீமெந்தும் தடைப்பட்ட பட்டியலில். மயிலிட்டியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிறது காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை. 1950 இல் தொடங்கி, எங்கட பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி எடுத்துச் சீமெந்து ஆக்கின ஆலை. அதுவும் 1990 இல் யுத்தத்தோடு மூடப்பட்டது. அந்தக் கல்லுக்கு மேல் வீடு கட்டி இருந்த சனம், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளிப் போய்ச் சாணி தேடிக்கொண்டு திரிந்தது. பட்டியலில் யூரியா இருந்ததால் உரப்பைக்கும் அந்தக் காலத்தில் தட்டுப்பாடு. நிவாரண அரிசிச் சாக்குத்தான் தஞ்சம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தது. ஏற்கனவே இடம்பெயர்ந்து இருந்தவர்கள் திரும்பவும் இடம்பெயர்ந்தார்கள், தென்மராட்சிக்கு, சிலர் வன்னிக்கு. தறப்பாளைக் கழற்றலாம். பாயைச் சுருட்டலாம். ஐந்து வருசமாக வெள்ளிக்கு வெள்ளி மெழுகின தரையை என்ன செய்வது? அடுத்த வருசம் எங்கட ஆக்கள் மல்லாகத்துக்குத் திரும்பி வந்தபோது கொட்டில் விழுந்து, உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல். அம்மம்மா கிழங்கு பிடுங்குகிற மாதிரிப் புல்லைப் பிடுங்கிவிட்டு முதலில் இருந்து தொடங்கினா.

இந்த இடத்தில் ஐரோப்பாக்காரர் ஒருவரைக் கொண்டு வருகிறேன், கோபிக்காதீர்கள். 1865 இல் மாற்றர்ஹோர்ன் சிகரத்தில் முதலில் ஏறின எட்வேர்ட் விம்பர், அதற்கு முந்தின வருசங்களில் தனக்கென்று ஒரு கூடாரம் வடிவமைத்தார். ரப்பர் பூசின துணியில் தரை, அதோடு சேர்ந்த சுவர். பின்னால் வந்த மலையேறிகளின் கூடாரங்களுக்கு அது மாதிரியானது. மச்சானின் பச்சைப் பொட்டலமும் அந்த வம்சம்தான். வெளியில் படுக்கப் போகிறவன் தரையைப் பற்றி முதலிலேயே யோசிக்கிறான், ஏனென்றால் அவன் நாளைக்கு வீட்டுக்குப் போய்விடுவான், ஒரு இரவு சுகமாக இருந்தால் போதும். முகாமுக்குப் பிரச்சினை மறுவளம். எத்தனை இரவு என்று ஒருவருக்கும் தெரியாது. செட்டிகுளம் மெனிக் பாமிலும் இதே கதை. 2009 இல் ஏறக்குறைய மூன்று லட்சம் சனத்தை முகாம்களில் அடைத்து வைத்திருந்தபோது, ஓகஸ்ட் மழைக்கே வெள்ளைக் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தது. மாரி தொடங்கக்கூட இல்லை. அங்கே இருந்த வகுப்புத் தோழி ஒருத்திக்கு அப்போது ஆறு வயது. தாயின் மடியில் இருந்தபடி இரவு முழுக்கச் செருப்பு மிதக்கிறதைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம். பாதை திறந்தது, சீமெந்தும் தாராளமாக வந்தது. முகாமில் பல வீடுகள் தரைக்குச் சீமெந்து போட்டன. காணி தனியாருடையது, நிரந்தரமாக ஒன்றும் கட்டக்கூடாது என்ற பேச்சு இருந்தாலும் தரைதானே என்று ஒருவரும் பெரிதாகக் கேட்கவில்லை. எங்கட வீட்டில் அம்மப்பா மறுத்துவிட்டார். "சீமெந்து போட்டா இஞ்சதான் இருக்கப் போறம் எண்டு எழுதிக் குடுக்கிற மாதிரி. இன்னும் ஆறு மாசம். ஊருக்குப் போய்ப் போடுவம்." அடுத்த வருசம் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தா. மாரி முழுக்கத் தரை ஊறினது. கைப்பிள்ளையை ஈரத்தில் வளர்த்த ஏலாது என்று அம்மா, ஊரை விட்டுக் குடுக்க ஏலாது என்று அம்மப்பா. தகப்பனும் மகளும் ரெண்டு கிழமை கதைக்கவில்லையாம்.

முடிவில், தொட்டில் தொங்கின மூலையில் ஒரு பாய் அளவுக்கு மட்டும் சீமெந்து பூசினார்கள். எனக்கு அந்தத் திட்டு நல்ல ஞாபகம். நான் அதில்தான் படித்தேன், அதில்தான் படுத்தேன். சுற்றிவர மெழுகின மண், நடுவில் இல்லாமல் ஓரமாக ஒரு சாம்பல் நிறச் சதுரம். கூட்டாளிமார் வந்தால் "இதென்னடா பாதி வீடு" என்று சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். யார் சரி என்று இன்றைக்கு என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் இருக்கிறது, குந்தியிருந்து மெழுகி வந்த வருத்தம். அதைப் பார்க்கும்போது அம்மப்பாவில் கோபம் வரும். அவர் ஊரைக் காணாமலே 2011 இல் போய்ச் சேர்ந்தவர் என்று நினைத்தால் கோபம் நிற்காது.

எங்கட காணி துறைமுகத்தோடு விடுபடவில்லை. 2018 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 683 ஏக்கர் விட்டார்களே, அதோடுதான் வந்தது. போய்ப் பார்த்தால் பற்றை. வீடு இல்லை. ஓடு, மரம், கதவு, நிலை, சுவர்க்கல்கூட இல்லை. எது யாருடைய வளவு என்று தெரியாமல் சனம் கிணற்றை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மம்மா ஒரு தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டே போனா. ஓரிடத்தில் தட்டுப்பட்டது. கையால் மண்ணை விலக்க, காவி பூசின சீமெந்துத் தரை. ஆல மரக் கன்று ஒன்று நடுவால் வெடிப்பித்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் தரையைத் தூக்க முடியாமல் விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவ அழவில்லை. "இது குசினி. அங்கால விறாந்தை" என்று நடந்து நடந்து காட்டினா. வீட்டுத்திட்டம் வரும்வரை அதுக்கு மேலேயே தறப்பாள் கட்டி இருந்தோம். இப்போது இருக்கிற வீடு அதுக்குப் பின்னால். பழைய தரையில் கொஞ்சம் இன்னும் முற்றத்தில் கிடக்கிறது, நெல்லுக் காயவிட, கருவாடு காயவிட.

மச்சான் மூன்றாம் நாள் அங்கேதான் ரென்றை அடிக்க வேண்டும் என்று நின்றான். சுன்னாகத்தில் வாங்கின சிலிக்கனைக் கரைத்து, தரை முழுக்கப் பொட்டு வைத்து, ஒரு நாள் வெயிலில் காயப்போட்டிருந்தான். ஓட்டைக்கும் அதையே பூசியிருந்தான். சீமெந்தில் முளை இறங்காது, ஆகவே கயிறுகளை முருகைக்கல்லில் கட்டினோம். கடைசியில் அந்தக் கல்லும் ஒரு உபகாரம் செய்தது. அடியில் உரப்பை, ஓரம் உள்ளுக்கு மடித்து. தலைமாடு கிழக்கே இருக்கட்டும் என்று நான் மெத்தையைப் போட, அம்மம்மா விறாந்தையிலிருந்து சத்தம் போட்டா.

"அப்பிடி இல்லை, மற்றப் பக்கம் தலையை வையுங்கோ. கழுவுற தண்ணி வாசலுக்கு ஓடவேணும் எண்டு கொம்மப்பா கிழக்கால சரிவு விட்டுத்தான் போட்டவர்."

மெத்தையைத் திருப்பிப் போட்டோம்.